சாலையும் ஓடையும்



சாலையைப் பற்றி நம் கூட்டங்களில் பேசாத நாளில்லை. எந்த ஊருக்குச் சாலை வரவேண்டும், எந்தச் சாலைக்குத் தார் போடவேண்டும், எந்தப் பாலம் இடிந்து கிடக்கிறது என்பனவெல்லாம் நாம் நன்கறிந்த செய்திகள். அந்தச் சாலைக்குக் கீழே ஓடும் ஓடையைப் பற்றி நாம் பேசியது குறைவு. சாலை போடும்பொழுது ஓடைக்கு என்ன நேர்கிறது, அதில் வாழும் உயிர்களுக்கு என்ன நேர்கிறது, அதனால் நமக்கு வரும் இழப்பு யாது, அதைத் தடுக்கும் வழி யாது என்பவற்றையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். சாலை வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. சாலையில்லாத மலையூரில், பிள்ளைப்பேற்று வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தூளி கட்டி மூங்கிலில் சுமந்து இறக்கும் துயரத்தை அறிந்தவர் எவரும் அவ்வாறு சொல்லார். விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க இயலாமல் வந்த விலைக்கு விற்ற குடியானவரும் அவ்வாறு சொல்லார். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும், மலைப்பகுதிகளில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளுக்கும் எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலை வேண்டும் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. நல்ல குறிக்கோள், அது நிறைவேறத்தான் வேண்டும்.

ஆயினும், புதிதாகச் சாலை வெட்டிய மலைச்சரிவுகளில் முதல் மழைக்கு என்ன நிகழ்கிறது என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நேற்றுவரை கூழாங்கல் தெரிய ஓடிய நீர் செங்காவி நிறத்தில் குழம்பாக இறங்குகிறது. குடிநீர்த் தொட்டியில் சேறு படிகிறது. மழை நின்றபின் நீர் தெளிந்தாலும், ஓடையின் அடியில் கல்லுக்கு மேல் ஒரு சாண் மணல் படிந்து கிடக்கிறது. "முன்பெல்லாம் இந்த மடுவில் மீன் பிடிப்போம், இப்பொழுது மடுவே இல்லை" என்று முதியோர் கூறுகின்றனர். இந்தத் தீங்கு சாலையோடு பிறந்து ஒட்டி வருவதன்று. சாலையின் நீருக்கும் சாலையில் வெட்டிய மண்ணுக்கும் வழி சொல்லாமல் சாலை போடுவதனால் வருவது. ஆதலின் நாம் கருதினால் இதன் பெரும்பகுதியைத் தடுக்கலாம். இதுவே நாம் கூற வந்ததன் சாரம்.

மண் எங்கிருந்து வருகிறது?

மரமும் புல்லும் மூடிய மலைச்சரிவில் மழை விழும்பொழுது, துளி நேராக மண்ணைத் தாக்குவதில்லை. இலையும் சருகும் அதை ஏற்றுக் கொள்கின்றன. வேர் விட்டுச் சென்ற துளைகளின் வழியே நீர் மண்ணுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியில் மெல்லக் கசிந்து, பல நாள் கழித்து ஓடையை அடைகிறது. அதனாலேயே மழை பெய்து நெடுநாள் ஆனபின்பும் நல்ல காட்டில் ஓடை வற்றுவதில்லை; அதன் நீரும் தெளிவாக இருக்கிறது.

அச்சரிவில் சாலை வெட்டினால் மூன்று இடங்களில் நிலம் புண்படுகிறது. முதலாவது, மேல்பக்கம் வெட்டி நிறுத்திய மண்சுவர். இரண்டாவது, வெட்டிய மண்ணைத் தள்ளிய கீழ்ச்சரிவு. மூன்றாவது, வண்டி ஓடும் தளம். மேல்பக்கச் சுவர் வெறும் மண்ணாக நிற்பதோடன்றி, நிலத்துக்கடியில் கசிந்து வந்த நீரையும் இடையிலே வெளிப்படுத்தி விடுகிறது. மெல்லச் செல்லவேண்டிய நீர் சாலையோர வாய்க்காலில் விழுந்து விரைந்து ஓடுகிறது. வாய்க்கால் அந்நீரையும், மூன்று புண்களிலிருந்தும் கரைந்த மண்ணையும் ஒருங்கே திரட்டிச் சிறுபாலத்தருகே ஓடையில் கொட்டுகிறது. மலைமேல் புதிதாக ஓர் ஓடையை நாமே வெட்டி, அதைச் சேற்றால் நிரப்பிப் பழைய ஓடையோடு இணைத்து விட்டது போன்றது இது.

இம்மண் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் காண்போம். இரண்டு மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு ஒன்றைக் கொள்வோம். அதில் நான்கு மீட்டர் அகலத்துக்குச் சமதளம் வெட்டினால், உட்பக்கத்தில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மண்சுவர் நிற்கும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 4 கனமீட்டர் மண் பெயரும். ஒரு கிலோமீட்டருக்கு 4,000 கனமீட்டர். ஒரு டிப்பர் லாரி 5 கனமீட்டர் ஏற்றுமானால், இது 800 லாரிச் சுமை. பொக்லைன் இயந்திரம் சில நாளில் இவ்வளவையும் பெயர்த்துவிடும். பெயர்த்த மண்ணை எங்கே வைப்பது என்று மதிப்பீட்டில் எழுதவில்லையானால், அது செல்லுமிடம் கீழேயுள்ள பள்ளமேயாகும். பள்ளத்தின் அடியில்தான் ஓடை இருக்கிறது.

அளந்து கண்ட உண்மை

இது கண்ணால் கண்டு கூறும் ஊகம் மட்டுமன்று. அளந்து கண்டவர்கள் உளர். அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாநிலத்தில், உதிரும் தன்மையுள்ள கருங்கல் மண் நிறைந்த செங்குத்தான மலைகளில், மரம் வெட்டுவதற்காகச் சாலைகள் அமைத்தனர். மேகன், கிட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் சிறு ஓடைகளின் குறுக்கே வண்டல் பிடிக்கும் தடுப்புகளைக் கட்டி, எவ்வளவு மண் வந்தது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தனர். 1972ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. மரத்தை வெட்டி இழுத்ததனால் மட்டும் வண்டல் இயற்கையளவைவிட 0.6 மடங்கே கூடியது. அஃதாவது நூறு கூடை வந்த இடத்தில் நூற்று அறுபது கூடை வந்தது. ஆனால் சாலைக்காகக் கலைத்த நிலத்தைப் பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டபொழுது, சாலை போட்டபின் ஆறாண்டுச் சராசரி இயற்கையளவைப்போல் ஏறத்தாழ 750 மடங்காக இருந்தது. காட்டில் மரம் விழும் ஓசையை எல்லோரும் கேட்கிறோம். மண்ணை இழக்கச் செய்தது பெரும்பாலும் மரம் ஏற்றிச் செல்லப் போட்ட சாலையே.

வாஷிங்டன் மாநிலத்தில் 1984ஆம் ஆண்டு ரீட், டன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வும் நமக்குப் பயன்படுவது. லாரிகள் இடைவிடாது ஓடிய சரளைச் சாலையிலிருந்து வந்த வண்டல், கைவிடப்பட்ட சாலையிலிருந்து வந்ததைப்போல் 130 மடங்கு இருந்தது. தார் போட்ட சாலையிலிருந்து, அதன் வெட்டுச்சரிவையும் வாய்க்காலையும் சேர்த்தும், போக்குவரத்து மிகுந்த சரளைச் சாலையின் அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வந்தது. இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. ஓடையைக் கடக்கும் இடத்தின் இருபுறமும் தளத்தை உறுதிப்படுத்துதல் மிக்க பயன் தரும். அடுத்து, ஈரமான மண்சாலையில் மழை நாளில் கனத்த வண்டி ஓட்டுதல் ஓடைக்குச் சேறு அரைத்துக் கொடுப்பதாகும்.

இன்னோர் ஆய்வு ஆரிகன் மாநிலத்தில் நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. அங்குள்ள இரு ஆற்றுப் படுகைகளில் காட்டுச் சாலைகளின் மொத்த நீளத்தில் நூற்றுக்கு 57 பங்கு, வாய்க்கால் வழியாகவோ அரித்த பள்ளங்களின் வழியாகவோ, நேராக ஓடையோடு இணைந்திருந்தது. எஞ்சிய பகுதியின் நீர் காட்டுத் தரையில் பரவி ஊறிப் போயிற்று. ஆகவே சாலை ஓடைக்குத் தீங்கு செய்வது இவ்விணைப்பின் வழியாகவே. இணைப்பை அறுத்தால் தீங்கு குறையும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம்.

ஓடையின் அடியில் நிகழ்வது

ஓடையில் வாழும் உயிர் என்றால் மீன் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். கல்லின் அடியில் சிறு பூச்சிகளின் இளம்பருவங்கள் ஒட்டிக் கொண்டிருக்கும். தும்பியின் இளம்பருவமும், மணலாலும் குச்சியாலும் கூடு கட்டி வாழும் புழுவும், சிறு நண்டும், நத்தையும், தவளையின் தலைப்பிரட்டையும் இருக்கும். கல்லின் மேற்புறத்தில் வழுவழுப்பாகப் பாசி படர்ந்திருக்கும். இப்பாசியைப் பூச்சி தின்னும், மீனும் தின்னும், பூச்சியை மீன் தின்னும். இவையனைத்துக்கும் வீடு கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கே. அவ்விடுக்கின் வழியே ஓடும் நீரிலுள்ள உயிர்க்காற்றே அவற்றின் மூச்சு.

சேறும் நுண்மணலும் வந்தால் முதலில் அடைபடுவது இவ்விடுக்குதான். பாசியின்மேல் மண் படிந்தால் அதற்கு வெயில் கிட்டுவதில்லை. கல்லில் ஒட்டிப் பாசியைச் சுரண்டி உண்ணும் மீன்களுக்கு இரை அற்றுப் போகிறது. கலங்கல் நீர் நெடுநேரம் நீடித்தால் மீனின் செவுளில் மண் படிந்து மூச்சுத் திணறுகிறது. கண்ணால் பார்த்து இரை தேடும் மீன் பட்டினி கிடக்கிறது. எல்லா மீனும் ஒரே அளவில் துன்புறுவதில்லை என்பதையும் கூறவேண்டும். அயிரையைப்போல் மணலிலும் சேற்றிலும் வாழப் பழகியவை ஓரளவு தாங்கும். தெளிந்த நீரையும் கூழாங்கல்லையும் நம்பியவை தாங்கமாட்டா.

மீனின் முட்டைக்கு நேரும் கேடு இதனினும் பெரிது. நம் ஓடைகளிலுள்ள மீன்களிற் பல, மழை தொடங்கிப் புதுநீர் வரும் காலத்திலேயே முட்டையிடுகின்றன. புதுச் சாலையின் சேறு இறங்கும் காலமும் அதுவே. கூழாங்கல்லின் இடையில் கிடக்கும் முட்டையின்மேல் நுண்மண் படிந்தால், நீர் ஓட்டம் நின்று முட்டை அழுகுகிறது. பொரித்த குஞ்சும் மேலே வர வழியின்றி அடியிலேயே மடிகிறது.

மடுக்களின் கதையும் இத்தகையதே. கோடையில் ஓடை நூலாக இளைத்துப் போகும்பொழுது மீன்கள் மடுக்களில் ஒதுங்கி உயிர் பிழைக்கின்றன. மடு மணலால் நிரம்பிவிட்டால், அடுத்த மழை வரை அவை எங்கே இருக்கும்? மழைக்காலத்து மீன் பெருகுவதற்கு விதை கோடை மடுவில்தான் இருக்கிறது. விதைநெல்லைக் காப்பது போல அதைக் காத்தாக வேண்டும்.

இவ்வாறு ஒரு பேராறே பாழானதற்கும், பின்பு பொறுத்திருந்து தேறியதற்கும் முன்பு கூறிய ஐடஹோவிலேயே சான்று உண்டு. அங்கே சாமன் ஆற்றின் தென்கிளை, கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிடும் பெருமீன்களுக்குப் பெயர் பெற்றது. அம்மீன்கள் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டு மூடுபவை. அதன் மலைகளில் மரம் வெட்டுவதற்காகச் சாலைகள் பெருகின. 1964, 1965ஆம் ஆண்டுகளில் பெய்த பெருமழைகளில் அச்சாலைகளின் மண் சரிந்து இறங்கி, மீன் முட்டையிடும் இடங்களை மணலால் மூடிவிட்டது. 1965ஆம் ஆண்டு அந்நாட்டு வனத்துறை அப்பகுதியில் மரம் வெட்டுதலையும் சாலை போடுதலையும் நிறுத்தி வைத்தது. பின்வந்த ஆண்டுகளில் வெள்ளம் மணலைச் சிறுகச் சிறுக அடித்துச் செல்ல, கூழாங்கல் மீண்டும் வெளிப்பட்டது. மீன்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பாமைக்குக் கீழ்ப்புறத்துப் பேரணைகளும் ஒரு காரணமாயின. ஆயினும் மண் வரத்து நின்றால் ஓடை தன்னைத் தானே கழுவிக் கொள்ளும் என்பது அங்கே தெளிவாயிற்று. இது நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

மலையில் வெட்டிய மண் வயலில்

"மலையோடையில் மீன் குறைந்தால் சமவெளி உழவனுக்கு என்ன?" என்று யாரேனும் கேட்கலாம். நீலகிரியைப் பாருங்கள். அங்குப் பிறக்கும் குந்தா ஆறு பில்லூர் வழியே பவானியை அடைகிறது. குன்னூர் ஆறும் கல்லாறும் மேட்டுப்பாளையத்தருகே அதனோடு சேர்கின்றன. மாயாறு பவானிசாகரில் வந்து கூடுகிறது. 1955ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பவானிசாகர் அணை, 32.8 ஆயிரம் மில்லியன் கனஅடி நீரைத் தேக்கும் கணக்கில் கட்டப்பட்டது. கீழ்பவானிக் கால்வாய் வழியே பாசனம் பெறும் நிலம் இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. மலையில் ஒரு வெட்டுச்சரிவிலிருந்து கரைந்த மண், இவ்வழியில் எங்கேனும் ஓர் அணையில் தங்கியே தீரும். மண் தங்கிய இடத்தில் நீர் தங்காது. கோபிசெட்டிபாளையத்து உழவரின் நீர்க்கணக்கும், கோத்தகிரி ஒன்றியத்தில் ஒரு சாலைக்கு எழுதும் மதிப்பீடும் ஒரே ஓடையின் இரு முனைகளாகும்.

நீலகிரியின் உயர்ந்த ஓடைகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைக் கொண்டுவந்து விட்டனர். அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தனர். அது அயல்நாட்டு மீன். அதுவும் சாமனைப் போலவே கூழாங்கல்லில் முட்டையிடுவது. நமக்கே உரிய மீனும் உண்டு. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத திமில் மஹசீர் என்னும் பெருமீன், மாயாற்றில் இன்னும் வாழ்கிறது. 2018ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் வரிசையில் சேர்த்தது. அணைகளும் வெடி வைத்து மீன் பிடித்தலும் வேற்று மீன்களின் வரவும் அதை நலிவித்தன. எஞ்சியுள்ள சில இடங்களிலும் நாம் சேறு கொட்டுதல் தகுமா?

சரிவுகளின் நிலையையும் மறத்தல் கூடாது. 1993ஆம் ஆண்டு நவம்பரில் குன்னூர் மலைச்சாலையில் மரப்பாலத்தருகே சரிந்த நிலம் சாலையையும் இரயில் பாதையையும் அடித்துச் சென்றது. 2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நாட்களில் மாவட்டமெங்கும் நிலம் சரிந்து பல உயிர்கள் மாண்டன. அத்தகைய பேய்மழையில் எந்தச் சரிவும் சோதனைக்குள்ளாகும். ஆயினும் தாங்கலின்றி வெட்டிய சரிவும், நீர் போக வழியின்றி அடைபட்ட வாய்க்காலும் முதலில் விடுகின்றன. ஓடையைக் காக்கும் முறைகளே மனித உயிரையும் காப்பவை.

உழவர்கள் இன்னொரு கேள்வியும் எழுப்பக்கூடும்: "வண்டல் வயலுக்கு உரமாயிற்றே, வந்தால் நல்லதன்றோ?" ஏரியின் வண்டல் உரமாவது, அது மேல்மண்ணும் மக்கிய இலையும் சேர்ந்த பொருள் என்பதனால். சாலைக்காக ஆழ வெட்டிய இடத்தில் வெளிப்படுவது வேர் படாத அடிமண். அதில் மக்கு இல்லை. அது வயலில் படிந்தால் மண் இறுகும். வாய்க்காலில் படிந்தால் தூர் வாரும் கூலியே மிஞ்சும்.

செய்ய வேண்டுவன

இனி, பஞ்சாயத்து செய்யக் கூடியவற்றைக் கூறுவோம். இவற்றுள் எதுவும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

முதலாவது, வழியை நடந்து பார்த்தல். கோடு வரைந்தபின் குறை கூறுவதினும், வரையுமுன் பொறியாளரோடு உறுப்பினரும் ஊர்ப் பெரியோரும் சேர்ந்து நடப்பது நன்று. எங்கே ஊற்று இருக்கிறது, எங்கே முன்பு நிலம் சரிந்தது என்பது ஊராருக்கே தெரியும். ஓடையை ஒட்டியே செல்லும் வழியைவிட, அதற்கு எட்ட நின்று, கடக்கவேண்டிய இடத்தில் மட்டும் நேர்குறுக்காகக் கடக்கும் வழி மேல்.

இரண்டாவது, மண்ணுக்கு இடம் சொல்லுதல். முன்பு கூறிய கணக்கில் நான்கு மீட்டரையும் வெட்டியே எடுத்தால் 4,000 கனமீட்டர் மண் மிஞ்சுகிறது. அகலத்தில் பாதியை மட்டும் வெட்டி, அம்மண்ணையே மறுபாதிக்கு இட்டுக் கெட்டித்து, கீழே தாங்குசுவர் எழுப்பினால், வெட்டும் மண் 1,000 கனமீட்டராகக் குறையும். தள்ளுவதற்கு மண்ணே மிஞ்சாது. சரிவு மிகச் செங்குத்தாக இருந்து இது இயலாதபொழுது, மண் கொட்டும் இடத்தை மதிப்பீட்டிலேயே குறிக்கச் செய்யவேண்டும். அங்குக் கொண்டு செல்லும் வண்டிக் கூலியையும் அதில் சேர்க்கவேண்டும். கூலி எழுதாமல் ஒப்பந்தக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

மூன்றாவது, காலம் அறிதல். குன்னூர், கோத்தகிரி போன்ற கிழக்குச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமே பெருமழைக் காலம். கூடலூர் போன்ற மேற்குப் பக்கத்துக்கு ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவம் பெரிது. மண் வேலையை ஜனவரிக்குப் பின் தொடங்கி, அவ்விடத்துப் பெருமழைக்கு முன் வாய்க்காலும் பாலமும் முடியும்படி திட்டமிடவேண்டும். புதுச் சாலையின் மேற்பரப்பு மண் மிகுதியாகக் கரைவது முதலாண்டில்தான். முதல் மழைக்குமுன் மூடப்பட்ட மண் பெரும்பாலும் தங்கிவிடும்.

நான்காவது, வாய்க்காலுக்கும் ஓடைக்குமுள்ள இணைப்பை அறுத்தல். நீர் முழுவதையும் ஒரே வாய்க்காலில் திரட்டி ஓடையில் விடாமல், இடையிடையே சாலைக்குக் குறுக்காகக் குழாய் வைத்துப் புல்தரையிலும் புதரிலும் பரவ விடவேண்டும். சரிவு கூடக்கூட இவ்விடைவெளி குறைய வேண்டும். குழாய் விழும் இடத்தில் கல் பரப்பவேண்டும். இல்லாவிடின் அவ்விடமே பள்ளமாக அரிக்கும். ஓடையை நெருங்குமுன் கடைசியாக ஒரு திருப்பமும், வண்டல் தங்க ஒரு குழியும் கட்டாயம் வேண்டும். குழியில் சேர்ந்த மண்ணை எடுத்து ஓடையிலேயே வீசாதிருப்பதும் வேண்டும்.

ஐந்தாவது, மண்ணை மூடுதல். வெட்டிய சரிவிலும் கொட்டிய சரிவிலும் மழைக்குமுன் புல்பற்றை பதிக்கவேண்டும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வெட்டிவேர் நடுதல் நல்ல முறை; அதன் வேர் ஆழ இறங்கி மண்ணைப் பிடிக்கும், அதன் தூர் வரும் மண்ணைத் தடுத்து நிறுத்தும். ஓடையின் இரு கரையிலும் உள்ள மரஞ்செடிகளை வேலைக்கு இடையூறு என்று வெட்டலாகாது. அவையே கடைசிக் காவல்.

ஆறாவது, மீனுக்கு வழி விடுதல். சிறுபாலத்தின் குழாய் குறுகலாக இருந்தால் வெள்ளம் பீறிட்டுக் கீழ்ப்புறத்தைக் குடையும். சில ஆண்டுகளில் குழாயின் வாய் படுகைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து தொங்கும். புதுவெள்ளத்தில் மேலே ஏறிச்செல்லும் மீன் அதைத் தாண்டமாட்டாது. சமவெளிச் சாலையிலும் இத்தவறு நிகழ்கிறது. வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் வயலுக்கும் ஏறும் மீன் இதனால் தடைபடுகிறது. பாலம் ஓடையின் அகலத்துக்கு இருக்கவேண்டும். அதன் தளம் படுகைக்குச் சற்றுக் கீழே அமைந்து, மேலே கூழாங்கல் படிய இடம் தரவேண்டும்.

ஏழாவது, வேலை நடக்கும்பொழுது ஓடையைத் தொழுவமாக்காதிருத்தல். கலவை இயந்திரத்தையும் சிமெண்டுச் சட்டியையும் ஓடையில் கழுவுதல் கூடாது; புதுச் சிமெண்டு கரைந்த நீரின் காரம் மீனைக் கொல்லும். தார் பீப்பாய்களை ஓடைக்கரையில் வைத்தலும், சாலைக்கு வேண்டிய மணலையும் கல்லையும் ஓடைப் படுகையிலேயே தோண்டுதலும் ஆகா.

செலவும் கண்காணிப்பும்

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வியே. தாங்குசுவரும் கூடுதல் குழாயும் செலவு வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் அடைபட்டுச் சாலை அறுந்தால், அதே சாலையை மீண்டும் போடவேண்டும். தொட்டியில் சேறு விழுந்தால் கழுவவேண்டும். ஏரி தூர்ந்தால் வாரவேண்டும். இச்செலவுகள் வேறு வேறு கணக்கில், வேறு வேறு ஆண்டில் வருவதால் சாலையின் செலவாக நம் கண்ணுக்குப் படுவதில்லை. மேலும், காலம் பார்த்து வேலை செய்வதற்கும், புல் பதிப்பதற்கும், ஓடையில் கழுவாதிருப்பதற்கும் பெரும்பணம் தேவையில்லை, கண்காணிப்பே தேவை.

அக்கண்காணிப்புக்கு நம்மிடமே கருவி உண்டு. கிராம சபை கூடும் நாட்களுள் நான்கை எடுத்துக் கொள்ளுங்கள். ஜனவரி 26 கூட்டத்தில், அவ்வாண்டு வெட்டப்போகும் சாலையின் வழியையும் மண் கொட்டும் இடத்தையும் கேட்டறியுங்கள். மே 1 கூட்டத்தில் மண் வேலை எந்த அளவில் முடிந்தது, மழைக்குமுன் வாய்க்கால் தயாராகுமா என்று கேளுங்கள். ஆகஸ்டு 15 கூட்டத்தில், பெய்த மழையில் எங்கெங்கே அரிப்பு கண்டது என்று பதிவு செய்யுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில், வடகிழக்குப் பருவத்துக்குமுன் குழாய்களின் வாயைத் துப்புரவு செய்தாயிற்றா என்று பாருங்கள்.

ஓர் எளிய சோதனையும் கூறுகிறோம். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்யலாம். கரையிலிருந்தே பாதுகாப்பாக எட்டக்கூடிய இடத்தில், மழை பெய்த அன்று, சாலைக்கு மேற்புறம் ஒரு கண்ணாடிப் புட்டியிலும் கீழ்ப்புறம் ஒரு புட்டியிலும் ஓடை நீரை முகந்து, ஓரிரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்த மண்ணை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் உங்கள் சாலை நல்ல சாலை. கீழ்ப்புறத்துப் புட்டியில் மண் மிகுந்திருந்தால், அந்த வேறுபாடு இடைப்பட்ட சாலையினின்று வந்திருக்கலாம். மழை விட்டதும் வாய்க்கால் வழியே நடந்து, மண் எங்கிருந்து இறங்கிற்று என்று தேடுங்கள். நீர் தெளிந்த நாளில் இரு புறத்திலும் பத்துப் பத்துக் கற்களைப் புரட்டி, அடியிலிருக்கும் பூச்சிகளை எண்ணிப் பார்த்து, கல்லை இருந்தவாறே வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஓடை நோயுற்றது என்று பொருள். இவ்விரண்டையும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், பொறியாளரிடம் பேசும்பொழுது உங்கள் சொல்லுக்கு வலிமை பிறக்கும்.

அன்பர்களே! சாலையும் ஊருக்கு வேண்டும்; ஓடையும் ஊருக்கு வேண்டும். சாலை நம்மைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கிறது. சந்தைக்குக் கொண்டு செல்ல விளைச்சலைத் தருவது ஓடை. உங்கள் ஊரில் அடுத்த சாலைக்கு மதிப்பீடு வரும்பொழுது, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வெட்டிய மண் எங்கே போகும்? வாய்க்கால் நீர் எங்கே விழும்? இவ்விரண்டுக்கும் விடை எழுதிய பின்னரே தீர்மானத்தில் கையெழுத்திடுவது என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் உறுதி கொள்ளுமாறு வேண்டி, இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.